ஒருவர் தூக்க முடியாத பாடம்

(மதுரையில் ஒரு கல்லூரியின் வணிகவியல் மன்றத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெளிநாட்டில் எம்.பி.ஏ. படித்த அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று அழைத்தார்கள். நுழைவுத் தேர்வுக்குத் தயாராவது, விண்ணப்பக் கட்டுரை எழுதுவது, விசா வாங்குவது பற்றியெல்லாம் சொல்லித் தர இன்றைக்கு எத்தனையோ பேர் இருக்கிறார்கள். உள்ளே போன பிறகு முதல் பருவத்தில் ஒரு மனிதருக்கு என்ன நடக்கிறது என்று யாரும் அதிகம் பேசுவதில்லை. அந்த ஒரு பருவத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். என் படிப்பு முழுவதிலும் என்னை மாற்றியது அந்தக் கோடைப் பருவம்தான்.

நான் படித்தது எம்.ஐ.டி.யில். தமிழ்நாட்டில் அப்படிச் சொன்னால் பலருக்குக் குரோம்பேட்டைக் கல்லூரிதான் நினைவுக்கு வரும். இது அமெரிக்காவில், மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில், சார்லஸ் ஆற்றங்கரையில் இருப்பது. ஆற்றின் அக்கரையில் பாஸ்டன். அங்கே ஸ்லோன் மேலாண்மைப் பள்ளியில் ‘ஸ்லோன் ஃபெல்லோஸ்’ என்று ஓராண்டுப் படிப்பு ஒன்று உண்டு. பத்து ஆண்டு, அதற்கும் மேல் வேலை பார்த்தவர்கள் அதில் சேர்கிறார்கள். நான் ஓசூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் உற்பத்திப் பிரிவில் இருந்துவிட்டு, கணவரையும் மகளையும் அழைத்துக்கொண்டு போனேன்.

வழக்கமான எம்.பி.ஏ. இரண்டு ஆண்டு, இலையுதிர் காலத்தில் தொடங்கும். எங்கள் படிப்பு ஜூன் மாதமே தொடங்கிவிடும். மற்ற மாணவர்கள் கோடைப் பயிற்சி வேலைக்குப் போயிருப்பார்கள். வளாகம் காலியாகக் கிடக்கும். அந்தக் காலி வளாகத்தில், கணக்கியல், பொருளியல், புள்ளிவிவரத்தை வைத்து முடிவெடுப்பது, நிதி என்று அடிப்படைப் பாடங்கள் எங்கள் தலையில் இறங்கும். செப்டம்பரில் மற்றவர்கள் திரும்பி வரும்போது அவர்களோடு சமமாக உட்கார வேண்டுமே, அதற்காக.

இந்தப் படிப்பு பிறந்த கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆல்ஃபிரட் ஸ்லோன் 1895-இல் அதே எம்.ஐ.டி.யில் மின்பொறியியல் பட்டம் பெற்றவர். 1923-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் தலைவரானார். இயந்திரம் தெரிந்த பொறியாளர் ஒரு கட்டத்துக்கு மேல் மனிதர்களையும் பணத்தையும் நிர்வகிக்க வேண்டி வருகிறது. அதை யாரும் அவருக்குச் சொல்லித் தருவதில்லை. இந்தக் குறையைப் போக்கத்தான், ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களைச் சிறிது காலம் வெளியே எடுத்துப் படிக்க வைக்கும் இந்தத் திட்டம் 1931-இல் தொடங்கியது. 1964-இல் பள்ளிக்கே ஸ்லோனின் பெயரை வைத்தார்கள். வேலையில் இருப்பவரை இரண்டு ஆண்டு விட்டுக்கொடுக்க எந்த நிறுவனமும் யோசிக்கும். அதனால் ஓராண்டு. ஓராண்டில் முடிக்க வேண்டுமென்றால் கோடையையும் விடக்கூடாது. நெருக்கடியின் முதல் காரணம் இந்த எளிய கணக்குதான்.

ஆனால் நாள்காட்டி மட்டுமே காரணம் என்று நான் நம்பவில்லை. முதல் வாரத்திலேயே ஒன்று புரிந்துவிடும்: கொடுத்த வாசிப்பையும் கணக்குகளையும் ஒரு மனிதர், எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், ராத்திரி முழுக்க விழித்திருந்தாலும், தனியாக முடிக்க முடியாது. பகலெல்லாம் வகுப்பு. மாலையில் குழுவோடு கூட்டம். மகள் தூங்கிய பிறகு மறுநாளைக்கான கேஸ். கேஸ் என்றால் ஒரு நிறுவனத்தின் உண்மையான நெருக்கடியை, எண்களும் அட்டவணைகளுமாகப் பத்து இருபது பக்கத்தில் எழுதிக் கையில் கொடுத்து, ‘நீங்கள் அந்த நாற்காலியில் இருந்தால் என்ன செய்வீர்கள்’ என்று கேட்பது. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வரும். சுமையை வேண்டுமென்றேதான் அவ்வளவு ஏற்றுகிறார்கள் என்று நினைக்கிறேன். தூக்க முடியாத பாரம் தலையில் இருந்தால்தான் பக்கத்தில் இருப்பவரை ‘ஒரு கை கொடுங்கள்’ என்று கூப்பிடுவோம்.

நமக்கு அது எவ்வளவு புதிது என்று யோசித்துப் பாருங்கள். நாமெல்லாம் தனியாகப் படித்து வளர்ந்தவர்கள். பரீட்சை அட்டையை நிமிர்த்தி வைத்து, பக்கத்தில் இருப்பவள் விடையைப் பார்த்துவிடாமல் மறைத்து எழுதியவர்கள். ராங்க் வாங்கிய பிள்ளை, தோற்ற பிள்ளை என்று பிரித்தே பழகியவர்கள். முழுவதும் படித்து முடித்த பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும், சந்தேகம் இருந்தால் சும்மா இருப்பதே மரியாதை என்று வளர்க்கப்பட்டவர்கள். அந்தப் பழக்கம் நம்மைப் பொறியாளர்களாகவும் ஆடிட்டர்களாகவும் ஆக்கியிருக்கிறது. அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அது ஓரளவுக்குத்தான் நம்மைக் கொண்டுபோகும். அதற்கு மேல் உள்ளதை அந்தக் கோடை எனக்குக் காட்டியது. எப்படியென்று சொல்கிறேன்.

எங்கள் குழுவைப் பள்ளியே பிரித்துக் கொடுத்தது. ஜப்பானில் ஒரு கார் நிறுவனம் அனுப்பி வைத்த பொறியாளர், சாவ் பாலோவில் வங்கியில் இருந்தவர், நைஜீரியாவிலிருந்து வந்த மருத்துவர், அமெரிக்க விமானப்படையில் பணியாற்றிய ஒருவர், நான். நிதிப் பாடம் அந்த வங்கிக்காரருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் தொழிற்சாலைக்குள் கால் வைத்தவரில்லை. மருத்துவருக்கு மனிதர்களைத் தெரியும், பேரேட்டைத் தெரியாது. வேண்டுமென்றே இப்படிக் கலக்கிறார்கள்.

கணக்கியலைப் பற்றி வணிகவியல் மாணவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்குப் பிடிபட்ட ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஓசூரில் ஒரு இயந்திரம் வாங்க வேண்டுமென்றால் நான் கோரிக்கைப் படிவத்தில் கையெழுத்துப் போடுவேன், அது கணக்குப் பிரிவுக்குப் போகும், அவ்வளவுதான் தெரியும். இப்போது நான்கு கோடி ரூபாய் இயந்திரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆயுள் பத்து ஆண்டு. சமமாகத் தேய்மானம் போட்டால் லாப நட்டக் கணக்கில் அந்த ஆண்டுச் செலவு நாற்பது லட்சம்தான். வங்கியிலிருந்து போனதோ முழு நான்கு கோடி. அதே ஆண்டில் சரக்கைக் கடனுக்கு அனுப்பியிருந்தால் விற்பனை ஏட்டில் ஏறிவிடும், காசு வந்திருக்காது. ஆக, நல்ல லாபம் காட்டும் நிறுவனம் மாதக் கடைசியில் சம்பளம் கொடுக்கத் திணறலாம். உங்களில் பி.காம். இரண்டாம் ஆண்டு மாணவி இதை அரைத் தூக்கத்தில் சொல்லிவிடுவாள். ஆனால் இத்தனை வருடம் இயந்திரத்தின் பக்கமே நின்ற எனக்கு, சுவரின் மறுபக்கம் அன்றுதான் தெரிந்தது. அதை எனக்குப் பொறுமையாக விளக்கியவர் பேராசிரியர் இல்லை, சாவ் பாலோ வங்கிக்காரர். பதிலுக்கு, இயந்திரம் ஓடாமல் நிற்கும் ஒரு மணி நேரத்தின் விலை என்ன, அது எந்த ஏட்டிலும் தனியாகத் தெரியாமல் எப்படி ஒளிந்துகொள்கிறது என்று நான் அவருக்குச் சொன்னேன்.

தொடக்க நாட்களில் எல்லோரையும் உட்கார வைத்து ஒரு விளையாட்டு ஆட வைப்பார்கள். பெயர் ‘பீர் விளையாட்டு’. அறுபது ஆண்டுகளுக்கும் முன்பு ஸ்லோன் பள்ளியில் உருவானது. ஜே ஃபாரஸ்டர் என்ற பொறியாளர் 1956-இல் அங்கே வந்து, ஒரு அமைப்பின் பகுதிகள் ஒன்றை ஒன்று எப்படி இழுக்கின்றன என்று ஆராயும் துறையையே தொடங்கினார். இந்த விளையாட்டு அந்தத் துறையின் பிள்ளை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இங்கேயே ஆடிப் பார்க்கலாம்.

ஒரு நீள மேசை. நான்கு இடம்: சில்லறைக் கடை, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், தொழிற்சாலை. கடைக்காரர் முன்னால் சீட்டுக்கட்டு ஒன்று கவிழ்த்து வைத்திருக்கும். ஒவ்வொரு வாரமும் ஒரு சீட்டை எடுத்தால் அந்த வாரம் வாடிக்கையாளர் கேட்கும் பெட்டிகள் எத்தனை என்று இருக்கும். அவர் தன் தேவையை எழுதி மொத்த வியாபாரிக்கு அனுப்புவார், அவர் அடுத்தவருக்கு. ஆர்டர் போய்ச் சேரவும் நேரம் ஆகும், சரக்கு வந்து சேரவும் வாரங்கள் ஆகும். கையில் தேங்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் வாரம் அரை டாலர் செலவு. கேட்டதைக் கொடுக்க முடியாமல் பாக்கி வைத்தால் பெட்டிக்கு ஒரு டாலர். ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது. எழுதிய சீட்டு மட்டும்தான் பேசும்.

எனக்குத் தொழிற்சாலை இடம் கிடைத்தது. முதல் சில வாரம் அமைதி. பிறகு ஆர்டர் ஏறத் தொடங்கியது. பத்து, பதினாறு, இருபத்தைந்து, நாற்பது. உற்பத்தியைக் கூட்டினேன். சரக்கு வெளியே வரும் நேரத்தில் ஆர்டர் சரிந்து, வாரக்கணக்கில் பூஜ்யம். மேசை முழுக்கப் பெட்டிகள் தேங்கி நின்றன. விளையாட்டு முடிந்ததும், வாடிக்கையாளர் என்ன கேட்டிருப்பார் என்று கடைக்காரரைத் தவிர மற்றவர்களை வரைபடம் போடச் சொன்னார்கள். மூவரும் மலையும் பள்ளமுமாக வரைந்தோம். பிறகு சீட்டுக்கட்டைத் திருப்பிக் காட்டினார்கள். முதல் நான்கு வாரம் நான்கு பெட்டி. ஐந்தாவது வாரத்திலிருந்து எட்டுப் பெட்டி. கடைசி வரை அதே எட்டு. ஒரே ஒரு படி. மற்ற அலையெல்லாம் நாங்கள் நால்வரும் எங்களுக்குள் உண்டாக்கியவை. இந்த விளையாட்டைத் தொடர்ந்து ஆராய்ந்த ஜான் ஸ்டெர்மன் என்ற பேராசிரியர் 1989-இல் வெளியிட்ட ஆய்வில், குழுக்களின் சராசரிச் செலவு சாத்தியமான குறைந்த செலவைப் போலப் பத்து மடங்கு என்று கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார். ஆடியவர்களில் முட்டாள்கள் யாரும் இல்லை. ஒவ்வொருவரும் தன் இடத்தில் நியாயமான முடிவுதான் எடுத்தார்கள்.

ஓசூரிலும் இதே அலையில்தான் நாங்கள் நனைந்தோம். வண்டி நிறுவனத்திலிருந்து திடீரென்று ஷெட்யூலைக் கூட்டுவார்கள். ஓவர்டைம் போட்டு ஓட்டுவோம். அடுத்த மாதமே வெட்டிவிடுவார்கள். ‘அவர்களுக்குத் திட்டமிடவே தெரியாது’ என்று கேன்டீனில் பேசிக்கொள்வோம். எங்களுக்கு மூலப்பொருள் கொடுத்தவர்கள் எங்களைப் பற்றி அதையே பேசியிருப்பார்கள். தவறு மனிதர்களிடம் இல்லை, ஒருவர் நிலவரம் மற்றவர் கண்ணில் படாத அந்த ஏற்பாட்டில் இருக்கிறது என்பதை ஒரு பிற்பகலில் கைகளாலேயே தெரிந்துகொண்டேன். புத்தகத்தில் படித்திருந்தால் தலையாட்டிவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருப்பேன்.

இனி நிதிப் பாடம். இன்று கையில் இருக்கும் ரூபாய்க்கும் அடுத்த ஆண்டு வரப்போகும் ரூபாய்க்கும் மதிப்பு ஒன்றில்லை. வரப்போகும் பணத்தை ஏதோ ஒரு வட்டி விகிதத்தில் தள்ளுபடி செய்து இன்றைய மதிப்பைக் காண வேண்டும். இதுதான் அதன் அடிக்கல். மருத்துவருக்கு இது ஏறவே இல்லை. அட்டவணையைப் பார்த்துக் கணக்குப் போடுவார். ஏன் போடுகிறோம் என்று கேட்பார். நான் வெள்ளைப் பலகையில் ஏலச்சீட்டு ஒன்றை எழுதினேன்.

இருபது பேர், மாதம் 5,000 ரூபாய். சீட்டுத் தொகை ஒரு லட்சம். முதல் மாதம் அவசரத் தேவை உள்ளவர் 20,000 தள்ளி, 80,000-க்கு எடுக்கிறார். தள்ளிய பணத்தில் சீட்டு பிடிப்பவருக்குக் கமிஷன் 5,000 போக, மீதி 15,000 இருபது பேருக்கும் ஆளுக்கு 750 ரூபாய். ஆகவே அந்த மாதம் எல்லோரும் கட்டுவது 4,250. இனி வரும் மாதங்களில் அவர் சராசரியாக 4,600 கட்டுவார் என்று வைத்துக்கொண்டால், அவர் கொடுக்கும் வட்டி என்ன? சாவ் பாலோக்காரர் எக்செலில் போட்டார். கிட்டத்தட்ட மாதத்துக்கு ஒன்றரை சதவீதம் வந்தது. நம் பேச்சில் சொன்னால் ஒன்றரை வட்டி. ‘வெளியில் ரெண்டு வட்டிக்கு வாங்குவதற்குச் சீட்டைத் தள்ளி எடுத்துவிடலாம்’ என்று என் அம்மா அக்கம்பக்கத்தாருக்குச் சொன்னதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அம்மா எட்டாம் வகுப்போடு நின்றவர். எக்செல் சொன்னதை அவர் மனக்கணக்காகச் சொல்லியிருக்கிறார்.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. மருத்துவர் எழுந்து, ‘எங்கள் யொருபா மக்களிடம் இது எசுசு, ஏலம் மட்டும் கிடையாது, முறை வைத்து எடுப்போம்’ என்றார். வங்கிக்காரர், பிரேசிலில் 1960களிலிருந்து கன்சோர்சியோ என்ற பெயரில் மாதாமாதம் பணம் கட்டி, குலுக்கலிலோ ஏலத்திலோ காரே எடுக்கிறார்கள் என்றார். ஜப்பான்காரர் அதிகம் பேசாதவர். அவர் மெதுவாக, தங்கள் நாட்டில் இதற்கு முஜின் என்று பெயர், அதை நடத்திய நிறுவனங்கள் 1951-இல் வந்த சட்டத்தால் முறையான வங்கிகளாகவே மாறின என்று சொன்னார். மூன்று கண்டங்களின் மக்கள், வங்கி கதவைத் திறக்காத காலத்தில், ஒருவரை ஒருவர் நம்பி ஒரே ஏற்பாட்டைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். மருத்துவர் அன்றைக்குப் பிறகு நிகழ்கால மதிப்பைப் பற்றிக் கேள்வி கேட்கவில்லை. நாங்கள்தான் அவரிடம், ஏலம் இல்லாத எசுசுவில் கடைசியில் எடுப்பவர் ஏன் சம்மதிக்கிறார் என்று கேட்டோம். வட்டிக் கணக்கில் அடங்காத சில பதில்களை அவர் சொன்னார்.

மதுரையில் நின்றுகொண்டு இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. ஒரு நாள் மறுநாளைக்கான கேஸைத் திறந்தேன். தலைப்பில் மதுரை. நம் அரவிந்த் கண் மருத்துவமனை! ஹார்வர்டு பேராசிரியர் கஸ்தூரி ரங்கன் 1993-இல் எழுதியது. உலகெங்கும் வணிகப் பள்ளிகளில் பாடமாக இருப்பது. டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்று, 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கியதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முடக்குவாதத்தால் வளைந்துபோன விரல்களோடு கண் அறுவை செய்யப் பழகிக்கொண்டவர் அவர். என் பாட்டிக்குக் கண் புரை எடுத்ததும் அங்கேதான். கிராமத்து முகாமிலிருந்து பேருந்தில் அழைத்துப் போனார்கள்.

வகுப்பில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்: காசு கொடுக்கிறவரா, இலவசமா என்று நோயாளியே முடிவு செய்துகொள்ளலாம், யாரும் வருமானச் சான்றிதழ் கேட்பதில்லை, அதனால்தான் பாட்டி தலை குனியாமல் போய்வந்தார் என்று. அது கேஸின் அட்டவணைகளில் தெரியாத விஷயம். பேராசிரியர் அதைப் பலகையில் எழுதினார்.

ஆனால் நான் பார்க்காத ஒன்றை ஜப்பான் பொறியாளர் பார்த்தார். ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசை; ஒன்றில் அறுவை நடக்கும்போதே அடுத்ததில் அடுத்த நோயாளி தயார். பரிசோதனை, சொட்டு மருந்து, கண்ணைச் சுத்தம் செய்வது, தைரியம் சொல்வது எல்லாவற்றையும் கிராமங்களிலிருந்து வந்து பயிற்சி பெற்ற பெண்கள் செய்கிறார்கள். மருத்துவரின் கை, மருத்துவர் மட்டுமே செய்யக்கூடியதை மட்டும் செய்கிறது. கார் தொழிற்சாலையில் அச்சு மாற்றும்போது, இயந்திரத்தை நிறுத்தாமல் செய்யக்கூடிய வேலைகளையெல்லாம் முன்னாலேயே முடித்துவைப்பார்களே, அதுதான் இது என்று அவர் விளக்கினார். அந்தப் பெண்களை நான் சிறுவயதிலிருந்து பார்த்திருக்கிறேன். அந்த மருத்துவமனையே அவர்கள் தோளில் நிற்கிறது என்பதை, மதுரையைப் படத்தில்கூடப் பார்த்திராத ஒருவர் எனக்குக் காட்டினார். உள்ளூர்க்காரிக்குத் தெரிந்தது பாதி, வெளியூர்க்காரருக்குத் தெரிந்தது பாதி. இரண்டும் ஒரே அறையில் இருந்ததால் அந்த வகுப்பு அப்படி அமைந்தது. பெருமையாக இருந்தது. அதைவிட, இனி எந்தக் கேள்வியையும் தனியாக யோசித்து முடித்துவிட்டேன் என்று சொல்லத் தயங்க வேண்டும் என்று தோன்றியது.

குடும்பத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர தினம். சார்லஸ் ஆற்றின் மேல் வாணவேடிக்கை. அக்கரையில் பாஸ்டன் பாப்ஸ் இசைக்குழுவின் கச்சேரி. எங்கள் பள்ளி ஆற்றங்கரைச் சாலையிலேயே இருப்பதால் எல்லோரும் குடும்பத்தோடு புல்லில் துணி விரித்து உட்கார்ந்தோம். சப்பாத்தி, ஜப்பான்காரரின் ஓனிகிரி, நைஜீரியாவின் ஜொல்லோஃப் சோறு எல்லாம் கைமாறின. எங்களில் பாதிப் பேர் மடியில் கணக்கியல் தாள்கள். அடுத்த வாரம் தேர்வு. அந்தக் கோடையை முடித்தவர் நான் மட்டுமில்லை. தெரியாத ஊரில் மகளுக்குப் பள்ளி தேடி, கடை கண்ணி பார்த்து, வீட்டில் நடமாடியும் இல்லாமலிருந்த மனைவியைப் பொறுத்துக்கொண்ட என் கணவரும் முடித்தார். படிக்கப் போகிறவர் மட்டும் உட்கார்ந்து இந்த முடிவை எடுக்காதீர்கள்.

இந்தப் படிப்பில் 1972-இல் பட்டம் பெற்றவர் கோஃபி அன்னான். கானா நாட்டுக்காரர், பிறகு ஐ.நா. பொதுச் செயலாளர் ஆனவர். 1997-இல் எம்.ஐ.டி. பட்டமளிப்பு விழாவில் பேசும்போது, தன் முதல் பருவத்தின் நடுவில் சார்லஸ் ஆற்றங்கரையில் நடந்துகொண்டே, இத்தனை சாதனையாளர்கள் நடுவே தான் எப்படித் தாக்குப்பிடிப்பது என்று கலங்கியதை நினைவுகூர்ந்தார். மற்றவர்களின் விதிப்படி ஓடாமல் தன் உள்மனம் காட்டும் திசையில் போவது என்று அங்கேதான் முடிவு செய்தாராம். எங்கள் வகுப்பில் அந்தக் கதையைத் தெரியாதவர்கள் இல்லை. அதே கரையில் நானும் நடந்திருக்கிறேன், அதே கலக்கத்தோடு. எனக்குக் கிடைத்த ஆறுதல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. விமானப்படையில் இருந்தவர், பேசும்போது குரல் ஓங்கியிருப்பவர், புள்ளியியல் வீட்டுப்பாடத்தை என்னிடம் நீட்டி, ‘இது எனக்குச் சுத்தமாகப் புரியவில்லை, சொல்லித் தருவீர்களா’ என்று கேட்டார். கலக்கம் எனக்கு மட்டும் இல்லை என்று தெரிந்த அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

ஆகஸ்டில் கடைசித் தேர்வு முடிந்தது. மதிப்பெண் எத்தனை என்று இங்கே வரும்போதே ஒரு தம்பி கேட்டார். நன்றாகவே வந்தது, தம்பி. ஆனால் அந்த மதிப்பெண்ணில் ஐந்து பேருக்கும் பங்கு உண்டு. செப்டம்பரில் புதிய குழுக்கள் பிரித்தார்கள். நாங்கள் ஐவரும் ஐந்து திசை.

இந்தப் படிப்புக்கு ஆகும் பணம் மிகப் பெரிது. நிறுவனம் அனுப்பினால் சரி. வீட்டை அடமானம் வைத்துப் போவதாக இருந்தால் பத்து முறை யோசியுங்கள். அங்கே போனால்தான் ஆள் ஆக முடியும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பேராசிரியர்களின் விரிவுரைகளும் பாடத்திட்டங்களும் எம்.ஐ.டி.யின் திறந்தநிலைப் பாடத் திட்டத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. கோடைப் பருவப் பாடங்கள் சிலவும் அதில் இருக்கின்றன. அதில் கிடைக்காதது அந்த ஐந்து பேர் கொண்ட மேசை. அந்த மேசையை இங்கேயே போட முடியும் என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது. அதைக் கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

உங்கள் கல்லூரி முதல்வர் அம்மாவிடம் பேசிவிட்டேன். ஐந்து ஐந்து பேராகக் குழு. ஒரே துறையிலிருந்து இரண்டு பேர் கூடாது. எடுத்துக்கொள்ளும் கேஸ் மாட்டுத்தாவணிப் பூச்சந்தை. மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் முகூர்த்த நாளில் உச்சத்துக்குப் போகும் விலை, இரண்டு நாளில் விழுந்துவிடுகிறது. விவசாயி, கமிஷன் மண்டிக்காரர், மொத்தமாக எடுப்பவர், கோயில் வாசலில் தொடுத்து விற்கும் அம்மா: நான்கு இடமும் அப்படியே அந்த விளையாட்டு மேசை. ஆனால் இங்கே தேங்கிய பெட்டியை அடுத்த வாரம் விற்க முடியாது, சாயங்காலத்துக்குள் வாடிவிடும். அப்படியானால் அலை எப்படி அடிக்கும், யார் தலையில் அடிக்கும்? எனக்கு விடை தெரியாது. வணிகவியல் மாணவர்களால் மட்டும் கண்டுபிடிக்கவும் முடியாது. தாவரவியல் வேண்டும், புள்ளியியல் வேண்டும், அந்த அம்மாவிடம் உட்கார்ந்து பேசத் தெரிந்த தமிழ்த் துறைப் பிள்ளை கட்டாயம் வேண்டும்.

முதல் கூட்டம் வரும் சனிக்கிழமை, சந்தையிலேயே. பெயர் எழுத நோட்டு வாசலில் இருக்கிறது. சந்தையில் விடியும் முன்பே வியாபாரம் சூடுபிடித்துவிடும் என்பதால் சீக்கிரம் எழுந்து வர வேண்டும். விடுதி மாணவிகளுக்கு அனுமதி வாங்கும் பொறுப்பு என்னுடையது. இனி நீங்கள் கேளுங்கள்.